மங்கல் போகாத பாட்டில்

வெள்ளானூர், ஆவடி
10.11.2025

அன்புள்ள ஸ்வாதி,

உன் கடித உறையின் ஓரத்தில் நீல மையில் பாதிக் கட்டைவிரல் ரேகை இருந்தது. நாள் முழுக்கக் கண்ணாடியில் ரேகை துடைக்கிறவள் அல்லவா நான், அதுதான் முதலில் கண்ணில் பட்டது. ஹாஸ்டலில் உனக்குப் போன் தந்திருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

உன் அப்பாவுக்கு மாற்றல் வந்து நீங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு அந்தப் பக்கமே நான் போவதில்லை. அப்துல் ரசாக் பாயின் கிடங்கில்தான் இன்னும் வேலை. பழைய சோடா, மை, மருந்து பாட்டில்கள் மூட்டை மூட்டையாக வரும். அரிசியும் வினிகரும் போட்டுக் குலுக்கி, பிரஷ் விட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினால், சேகரிக்கிறவர்கள் வாங்கிப்போகிறார்கள். நான் வாயே திறப்பதில்லை. "இன்னாடி, பாட்டிலாண்டதான் பேசுவியா?" என்று கூட வேலை செய்கிற முனியம்மா அக்கா கிண்டல் செய்கிறாள்.

உன் பிறந்தநாளுக்கு ஒரு மருந்து பாட்டில் அனுப்புகிறேன். நானே துடைத்தது.

பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே.

உன்
கார்த்திகா


நாமக்கல்
23.11.2025

கார்த்தி,

பாட்டிலைப் பார்க்க அறையே கூடிவிட்டது. தண்ணீர் மாதிரி அவ்வளவு தெளிவு! விண்ணப்பம் கொடுத்துவிட்டாய் என்று படித்ததும் கத்திவிட்டேன். வார்டன் வந்து திட்டினார். என் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டை அனுப்பியிருக்கிறேன். அடுத்த வருஷம் ப்ளஸ் ஒன்னுக்கு இங்கேயே வந்துவிடு. என் பக்கத்துக் கட்டிலை உனக்கென்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு தப்பு செய்துவிட்டேன்டி. பூ வைக்கலாம் என்று பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். காய்ந்ததும் பால் ஊற்றிக் கவிழ்த்த மாதிரி மங்கிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நீ பாடுபட்டுத் துடைத்ததைக் கெடுத்துவிட்டேன். கோபமா?

ஸ்வாதி


வெள்ளானூர், ஆவடி
8.12.2025

அன்புள்ள ஸ்வாதி,

நீ எதையும் கெடுக்கவில்லை. அந்த பாட்டில் பல வருஷம் மண்ணில் புதைந்து கிடந்தது. அப்படிக் கிடந்தால் கண்ணாடியே அரித்துப்போய்விடும்; துடைத்தால் போகாது. "கொஞ்சம் எண்ண தடவு, கண்ணாடிக்குக் கண்ணு தெறக்கும்" என்பாள் முனியம்மா அக்கா. தடவினால் மங்கல் தெரியாது. கழுவினால் திரும்ப வந்துவிடும். உனக்கு அனுப்பியதிலும் தடவியிருந்தேன்.

விண்ணப்பமும் நான் கொடுக்கவில்லை. எழுதி எடுத்துக்கொண்டு நம் பள்ளி வாசல்வரை போனேன். இரண்டு மாதம் காமாலையில் கிடந்துவிட்டு, உள்ளே வரக் கூச்சப்பட்டு நின்று, அப்படியே பள்ளியை விட்டேனே, அதே இடம். யாராவது "யாரும்மா நீ?" என்று கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. வெள்ளானூர் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அன்று சாயங்காலம்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்.

இன்று அதே மாதிரி மங்கலாக இன்னொன்று வந்தது. அக்கா எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"வேணாம்க்கா" என்றேன்.

"அட, வாயத் தொறந்துட்டாடா! பாய் கத்துனா நீயே பாத்துக்கோ."

அதை மங்கலாகவே எடுத்து வைத்தேன்.

உன் நோட்டு பத்து நாளாக என் தலைமாட்டில் இருந்தது. நீ திரும்பக் கேட்கவில்லை. ஆனாலும் பாட்டில் கட்டுகிற பபிள் தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே உன் முகவரியை எழுதினேன்.

கார்த்திகா