பாகாலா வளைவுக்கு ஓர் இன்ஜின்

திருப்பதி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மங்கைக்கு,

முனிகிருஷ்ணன் எழுதுவது. திருச்சானூர்த் தாயார் தயவில் நான் சுகம். நீயும் ஹரிதாவும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்த டல்லாஸ் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். தினமும் போனில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் பக்கத்தில் ஹரிதா, மடியில் குழந்தை. உன்னிடம் மட்டும் பேச எனக்கு வாய்ப்பதில்லை. எதிர்வீட்டு வசந்தா தன் மகனைப் பார்க்க அங்கே வருகிறாள். நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

மழையில் மாடிக் கதவு உப்பிக்கொண்டது, மூட முடியவில்லை. தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்தாயிற்று. காலையில் கடை இட்லி, இரவில் மோர்சாதம். சுவரோடு பேசும் நிலை இன்னும் வரவில்லை. இன்ஜினோடுதான் பேசுகிறேன்.

நீ போன பிறகு சாப்பாட்டு மேசையில் பொம்மை ரயில் போட்டிருப்பது உனக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் திருப்பதி, ஃபிரிட்ஜ் பக்கம் சித்தூர், நடுவே பாகாலா. அந்தக் காலத்து மீட்டர்கேஜ் லைன். அதில் ஓடிய டீசல் இன்ஜினுக்கு ஒரு முனையில்தான் டிரைவர் அறை. போகும்போது சரி, திரும்பும்போது நீண்ட மூக்கு முன்னால் வந்து வழியை மறைக்கும். அதைத் திருப்பிவிடும் வட்டமேடை வைக்க மேசையில் இடமில்லை. அதனால் ரயில்வேக்காரர்கள் செய்யாத ஒன்றை நானே வரைந்தேன். இரண்டு முனையிலும் டிரைவர் அறை, எப்படிப் போனதோ அப்படியே திரும்பி வரலாம். பிளாஸ்டிக் அட்டையை வெட்டி ஒட்டிக் கடுகு மஞ்சள் பூசினேன். ஒரு மாதம் போனதே தெரியவில்லை.

ஓட்டிப் பார்த்தால் பாகாலா வளைவில் கவிழ்ந்தது. எல்லாவற்றையும் அளந்தவன் வளைவை அளக்கவில்லை. இரண்டாவது அறை வைத்ததில் நீளம் கூடிவிட்டது. போட்டோவை எங்கள் பொம்மை ரயில்காரர்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். அதில் சத்தியவேட்டுக்காரர் கிரண்குமார் என்று ஒருவர். இன்ஜின்மேல் தப்பில்லை, வளைவை ஒரு சாண் வெளியே தள்ளுங்கள் என்றார். அந்த ஒரு சாண், நீ தட்டு வைக்கும் இடம்.

தண்டவாளத்தைப் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மனசு வரவில்லை. பழைய இடத்திலேயே ஆணி அடித்துவிட்டு இன்ஜினை வெட்டினேன். மூக்கைக் குறைத்தேன், டீசல் டாங்கைச் சுருக்கினேன், ஆறு அச்சை நாலாக்கினேன். இப்போது ஒழுங்காகத் திரும்புகிறது. "இன்னா சார், பெட்டிக்கடைக்குச் சக்கரம் வெச்ச மாதிரி கீது" என்கிறார் கிரண்குமார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். இல்லாத இன்ஜினைச் செய்தால், ரயில்வே ஏன் அப்படிச் செய்திருக்கும் என்று நம்பும்படி ஒரு காரணம் எழுத வேண்டும். நான் இப்படி எழுதினேன்: பாகாலாவில் வளைவை அகலமாக்க நிலம் தேவைப்பட்டது. நிலத்துக்காரர் வெளியூரில் இருந்தார். அவர் திரும்பி வருவார் என்பதால் நிலத்தைத் தொடாமல் இன்ஜினைக் குட்டையாக்கினார்கள். நல்ல காரணம் என்று எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள்.

நீ அங்கேயே நிரந்தரமாக இருக்க ஹரிதா மனு தயார் செய்திருக்கிறாள். என்ன செய்யட்டும் என்று நீ கேட்டபோது உன் இஷ்டம் என்றேன். குழந்தை உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது, வேறு என்ன சொல்வது? "நைனா, நீயும் இங்க வந்துடேன்" என்கிறாள் உன் மகள். அவ்வளவு தூரம் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மறந்துவிட்டாள். அவளைக் கோபிக்காதே, அவளுக்கும் அம்மா வேண்டும். ஆனால் எனக்கு இங்கே தனிமையாக இருக்கிறது மங்கை. வீடு முழுக்க நான் ஒருவனே நடக்கிறேன்.

பேத்தியை என் பெயர் சொல்லிக் கொஞ்சு. நீ எதை முடிவு செய்தாலும் தாயார் உனக்குத் துணையிருக்கட்டும். அந்த மனுவில் கையெழுத்துப் போடுமுன் எனக்கு ஒரு வரி மட்டும் எழுது. பாகாலா வளைவை ஒரு சாண் தள்ளிக்கொள்ளட்டுமா, வேண்டாமா?

உன்,
முனிகிருஷ்ணன்