இரண்டு பேர் பார்த்தால்தான் பறவை

என் அக்காவைக் கட்டிக்கொண்டு, என்னையும் கண்மாய் கண்மாயாக இழுத்துக்கொண்டு திரிந்த அன்பு மச்சானுக்கு,

நேற்று போய்விட்டு வந்தோம். ஐப்பசியில் ஒரு ஞாயிறு எலக்ட்ரிக் கடையைப் பூட்டிவிட்டு விடியும் முன்னே கிளம்பும் உங்கள் வழக்கத்தை மாற்றவில்லை. உங்கள் பைக்தான். நீங்கள் உட்காரும் இடத்தில் நான் இருந்தேன், நான் உட்காரும் இடத்தில் அக்கா.

மாசியில் உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனதிலிருந்து அக்கா எங்கேயும் கிளம்பவில்லை. "கொக்கைப் பாக்கக் கடையை மூடுவாகளா?" என்று வருடா வருடம் நம்மைத் திட்டியே அனுப்பியவள், இந்தத் தடவை தானாகவே எலுமிச்சம்பழச் சோறு கிண்டிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வாரேன் தம்பி. அவுக அப்புடி என்னத்தத்தான் பாத்தாகன்னு பாத்துட்டு வாரேன்" என்றாள்.

மழை இந்த வருடம் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. புதுக்கோட்டையைத் தாண்டியதும் முதல் கண்மாயிலேயே பாதிக்கு மேல் தண்ணீர். நீர்க்காகமும் முக்குளிப்பானும் கிடந்தன. "இதுக்கா இம்புட்டுத் தூரம்?" என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் இருந்தால் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

நம் சட்டம் அவளுக்குத் தெரியாது. வழியில்தான் சொன்னேன். இரண்டு பேரும் பார்த்தால்தான் பறவை, ஒருத்தர் மட்டும் பார்த்தால் அது சும்மா பறந்தது. ஆரம்பத்தில் தண்ணீரில் எது எழும்பினாலும் அபூர்வப் பறவை என்று நான் அளந்துவிட்டதால் நீங்கள் போட்ட சட்டம் அது. கடைசியில் அதில் நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். போன ஐப்பசியில் பொன்னமராவதி சாலைக் கண்மாயில், நான் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில், இத்தனை வருடம் நாம் தேடிய வரித்தலை வாத்து உங்கள் கண்ணுக்கு மட்டும் தட்டுப்பட்டது.

"பின்மண்டையில ரெண்டு கறுப்பு வரி மாப்ள, அப்புடியே தெரிஞ்சுச்சு" என்றீர்கள். "நான் பாக்கலையே மச்சான். சும்மா பறந்துச்சு" என்றேன். நீங்கள் சண்டைக்கே வரவில்லை. டீயை வாங்கிக் குடித்துக்கொண்டு, "சரி, அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்" என்றீர்கள். அடுத்த வருடம் வந்துவிட்டது மச்சான்.

அதே கண்மாய்க்குத்தான் நேற்றும் போனோம். கரையில் அக்கா சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உங்கள் பைனாகுலரில் நான் அக்கரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு வாத்து தனியாக நின்றது. தலையைத் திருப்பியது. நீங்கள் சொன்ன அதே இரண்டு வரி.

"அக்கா, சீக்கிரம் பாரு. அந்த ஒத்தைக் கருவ மரத்துக்கு நேர் கீழ" என்று பைனாகுலரை அவள் கழுத்தில் மாட்டிவிட்டேன். அதன் தோல் வாரோடு சேர்த்து முகத்துக்குக் கொண்டுபோனவள் அசையாமல் நின்றாள். வெகுநேரம் நின்றாள். அவள் பார்த்துவிட்டாள், நம் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னால் சாலையில் ஒரு டிராக்டர் உறுமிக்கொண்டு போனது. வாத்து எழும்பிப் போய்விட்டது.

"பாத்தியாக்கா?"

"பாக்கல தம்பி."

"இம்புட்டு நேரம் பாத்தியே?"

"வாருல அவுக தலையெண்ணெய் வாசம் அப்புடியே இருக்கு. கண்ணை மூடிட்டேன்" என்றாள்.

பார்த்தேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்கள் பெண்டாட்டி அல்லவா? இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து அழுதோம். சோறு அப்படியே இருந்தது.

திரும்பும்போது பின்னாலிருந்து கேட்டாள். "போன வருசம் அவுக பாத்தது நெசந்தானா?"

"நெசந்தாங்க்கா."

"அத நீ அவுககிட்டச் சொன்னியா?"

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்கள் பார்த்தது வரித்தலை வாத்துதான் மச்சான். இப்போது நானும் பார்த்துவிட்டேன். ஒரு வருடம் தள்ளிப் பார்த்தாலும் இரண்டு பேர் இரண்டு பேர்தானே? உங்களுடையதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா பார்க்கவில்லையே, என்னுடையது சும்மா பறந்ததாகவே இருக்கட்டும். அடுத்த ஐப்பசியிலும் அக்காவைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போவேன். அவள் கண்ணைத் திறந்து பார்க்கிற வருடம் வரைக்கும் கூட்டிப் போவேன். பைனாகுலர் வாரைத் துடைக்க மாட்டேன்.

டீ வாங்கப் போய் வாத்தைத் தவறவிட்ட
உங்கள் மச்சினன்,
குமரேசன்