டெங்கு வராதவளின் ரத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரை போடுகிறாரா, "அப்புறம் போட்டுக்கறேன்" என்று உன்னை ஏய்க்கிறாரா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது, பயப்படாதே. எங்கள் ஆய்வகத்தில் டெங்கு வந்து தேறியவர்களின் ரத்தத்தைச் சோதிக்கிறோம். ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. கிருமி புகுந்த செல்களைத் தேடிப் பிடித்துக் கொல்லும். காய்ச்சல் போன பிறகும் சில டி செல்கள் அந்தக் கிருமியை மறக்காமல் வருஷக்கணக்கில் காத்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க டெங்குவே வராத ஒருவரின் ரத்தம் தேவைப்பட்டது. நான்தான் முந்திக்கொண்டு கையை நீட்டினேன். மறுநாள் பார்த்தால், டெங்கு கிருமியின் துணுக்கைக் கண்டதும் என் செல்கள்தான் எல்லாரையும்விட அதிகமாகத் துள்ளுகின்றன!

"டெங்கு வந்ததே இல்லன்னு அடிச்சுச் சொன்னீங்களே!" என்று எங்கள் மேடம் சிரித்தார். மறுபடியும் சோதித்தோம். அதே கதைதான்.

மூன்றாம் வகுப்பில் என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் மடியிலேயே கிடத்தியிருந்தாயே, அந்தக் காய்ச்சலா? "ஒண்ணுமில்லடி, சாதாக் காய்ச்சல்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அப்பா ஏன் கதவுக்கு வெளியே நின்று அழுதார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

தலைவலித் தைலம் இரண்டு பாட்டில் அனுப்பு. இங்கேயும் கிடைக்கும்தான், இருந்தாலும் நீ வாங்கி அனுப்பு. பஸ் வந்துவிட்டது. கவலைப்படாதே அம்மா, ஒன்றுமில்லை. சாதாத் தலைவலிதான்.

உன் மகள்