கறுத்த அரைஞாண்

என்னங்க,

இடுப்பு விட்டுப்போச்சு. நேற்று முழுக்க ஆம்பூர் தோல் பதனிடும் ஷெட்டுக்கு எதிரே நின்று வேவு பார்த்த வலி. சோறு வடித்திருக்கிறேன், கருவாட்டுக் குழம்பைச் சுட வைத்துக்கோங்க.

தனபாக்கியம் வருவாங்க. ஷெட்டின் கழிவுத் தொட்டியில் இறங்கிச் செத்தவரோட சம்சாரம். அவர் இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணைத் தருவாங்க. வாங்கி பீரோவில் பூட்டுங்க, சாவி அரிசி டின்னில் இருக்கு. கறுத்துக் கிடக்கிறதேன்னு பாவப்பட்டு விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீங்க. தொட்டியின் விஷவாயு பட்டுத்தான் வெள்ளி அப்படிக் கறுத்தது. குடித்துவிட்டு ஏரியில் விழுந்தான் என்று காண்ட்ராக்டர் சொல்வது பொய் என்பதற்கு அந்தக் கறுப்புதான் சாட்சி.

அந்தக் காண்ட்ராக்டர் உங்க அண்ணனாச்சே. "ஊர்ல உனக்கு வேற கேஸே கிடைக்கலயா? இன்னா பொம்பளடி நீ?" என்று ராத்திரி கேட்டீங்க. திரும்பிப் படுத்து அழுததும் தெரியும். உங்களைத் தோளில் தூக்கி வளர்த்தவர், நான் மறக்கவில்லை. கயிறுகூடக் கட்டாமல் அந்த ஆளைத் தொட்டியில் இறக்கியவரும் அவர்தான்.

கூட இறங்கித் தப்பினவனைக் கூட்டிவர சோளிங்கர் போகிறேன். அண்ணன் வந்தால் சாப்பாடு போடுங்க. சாவியைக் கொடுக்காதீங்க. அரைஞாணை என் டிடெக்டிவ் ஆபீஸிலேயே வைத்திருக்கலாம். உங்க கையில் இருக்கட்டும் என்றுதான் அவங்களை இங்கே வரச் சொன்னேன்.

பின்குறிப்பு: தனபாக்கியத்தைச் சாப்பிடாமல் அனுப்பாதீங்க. நீங்க யாரோட தம்பி என்று அவங்களுக்குத் தெரியாது. நானே வந்து சொல்கிறேன். நம்ம குடும்பம் அவங்களுக்கு ஓர் உயிர் பாக்கி வைத்திருக்கு.