கிண்ணத்தில் தெரிந்த முகம்

நவம்பர் 4

எங்கள் ஊர் மாந்திரீக அருங்காட்சியகத்தைத் திறந்தேன். மூன்றாவது கண்ணாடிப் பெட்டியில் திமிங்கில எலும்பு இல்லை. கட்டைவிரல் அளவுதான். கடலில் மூழ்காமல் இருக்க எந்தக் காலத்திலோ ஒரு மீனவன் மந்திரக்குறி செதுக்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டது. பூட்டு உடையவில்லை. போன வாரம் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் பெட்டியை நகர்த்தினோம். அதற்குப் பிறகு எலும்பைப் பார்த்தேனா? நினைவில்லை.

நவம்பர் 5

போலீஸ்காரர் மலைப்பாதை தாண்டி வந்து விசாரித்துவிட்டுப் போனார். அருங்காட்சியகக் குழுத் தலைவர் ஹோஸ்குல்துர் காபியை உறிஞ்சியபடியே சிரித்தார். "போலீஸ் எதுக்கு ஸ்டேன்வோர்? திருடனைக் காட்டுற கிண்ணத்தை வச்சிக்கிட்டு ஊரெல்லாம் தேடுறியே!"

நாங்கள் காட்சிக்கு வைத்திருக்கும், அடியில் குறி செதுக்கிய மரக்கிண்ணத்தைச் சொல்கிறார். தண்ணீர் ஊற்றி மூலிகை தூவினால் திருடன் முகம் தெரியுமாம். வருகிறவர்களிடமெல்லாம் நானே ரசித்துச் சொல்லும் கதை.

நவம்பர் 8

பாவி மனுஷன் ஹோஸ்குல்துர் நிஜமாகவே ஊற்றிப் பார்த்திருக்கிறார், நான் சாப்பிடப் போன நேரத்தில். நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்துகொண்டு ஊரே அதைத்தான் பேசுகிறது. ரிஷார்டின் முகம் தெரிந்ததாம்!

ரிஷார்ட் போலந்துக்காரன். மீன் ஆலையில் வேலை. எங்கள் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவனும் அவன்தான். அப்புறம் வேறு யார் முகம் தெரியும்?

நவம்பர் 11

ரிஷார்ட் குடியிருப்பது ஹோஸ்குல்துரின் வீட்டில். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். "அக்கா, அந்தப் பெட்டியை நான் தொடவே இல்ல. இந்தக் குளிர்ல கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?" என்று நின்றான்.

நேரே ஹோஸ்குல்துரிடம் போனேன். இதையெல்லாம் நம்புறீங்களா என்று கேட்டதற்கு, "நம்புறேன்னு சொல்லலையே. பார்த்தேன்னுதான் சொல்றேன்" என்கிறார்.

எங்கள் ஊர்ப் புத்தி அது. நம்ப மாட்டோம், இல்லையென்றும் சொல்ல மாட்டோம். அந்தக் காலத்தில் சூனியக்காரர்கள் என்று ஆட்களை எரித்தவர்களும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார்கள். ஆடு செத்தது, கனவில் ஒருத்தனைப் பார்த்தேன் என்று.

நவம்பர் 12

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். நானும் ஊற்றிப் பார்க்கத்தான் போகிறேன்.

நவம்பர் 16

கிண்ணத்தை மேசையில் வைத்து, எல்லார் கண்ணெதிரிலும் தண்ணீர் ஊற்றினேன். குனிந்து பார்த்தேன்.

"என் முகம்தான் தெரியுது. கிண்ணம் சொல்றதுதான் சாட்சின்னா திருடி நான்தான். விறகை அடுக்குங்க!"

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஹோஸ்குல்துர் தரையைப் பார்த்தபடி, "சரி, ரிஷார்ட் அந்த வீட்டுலயே இருக்கட்டும்" என்றார்.

ஜெயித்துவிட்டேன்! வீடு வரும்வரை எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 19

கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அருங்காட்சியகச் சாவி யார் கையில் இருக்கிறது என்பது வரைக்கும் காதில் விழுந்தது.

நவம்பர் 24

ஹோஸ்குல்துர் சாவியைக் கேட்டு வந்தார்.

"நாங்க ஒண்ணும் சொல்லலம்மா. நீயேதானே சொன்ன? ஊர் வாய் அடங்குற வரைக்கும்தான்."

"கேலிக்குச் சொன்னேன்யா!" என்று கத்தினேன்.

"கேலியோ என்னமோ. தண்ணியைப் பார்த்ததும் உன் மூஞ்சி மாறிச்சு. அத்தனை பேரும் பார்த்தோம்."

மாறியதா? கோபம் அது. கோபம்தானே?

சாவியைக் கொடுத்துவிட்டேன். இருபது வருஷ வேலை. அழுகையாக வருகிறது.

டிசம்பர் 1

ரிஷார்ட் வந்தான். இந்த வாரம் என் வாசல் மிதித்த ஒரே ஆள். சொல்லாமலே மண்வெட்டியை எடுத்து வாசல் பனியை அள்ளிப் போட்டான். அவன் மனைவி சுட்ட ரொட்டி, இன்னும் சூடாக இருந்தது. காபி கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். பிறகு, பக்கத்தில் யாருமே இல்லாத வீட்டில், குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, நீங்க எடுத்திருந்தாலும் பரவாயில்ல. எனக்காக அத்தனை பேர் முன்னாடி ஒத்துக்கிட்டீங்களே. உயிர் போனாலும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

கண் கலங்கியிருந்தது அவனுக்கு. இன்னொரு துண்டு ரொட்டி அறுத்து என் தட்டில் வைத்தான்.