நாய்க்குக் கொடுத்தனுப்பும் சட்டை

என்னங்க,

உருண்டையின் மூக்குப் புற்றுக்கு இன்று பத்து மணிக்குக் கதிர்வீச்சு. நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும். மயக்க ஊசி போடுவார்கள். வாலைக் குழைத்துக்கொண்டு வந்தாலும் ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள். மூக்கின் மேல் போட்ட மைக்கோட்டைத் துடைத்துவிடாதீர்கள். கதிர் கட்டியின் மேல் மட்டும் விழ அதுதான் அடையாளம்.

மூன்று வாரமாக மாத்திரை கொடுத்துக் கடி வாங்கியது நான். மயக்கம் தெளிந்ததும் அது தேடுவது உங்களை. "அப்பாவோட பழைய சட்டை ஒண்ணு கொண்டாங்க, அந்த வாசனைக்குச் சீக்கிரம் எழுந்துக்கும்" என்று நர்ஸ் வேறு என்னிடமே சொல்கிறாள். வயிறு எரிகிறது.

உங்கள் பழைய சட்டை துணிப்பையில் இருக்கிறது, நர்ஸிடம் கொடுங்கள். சாவி வழக்கமான இடத்தில்.

பி.கு: சட்டைக்குள் என் துப்பட்டாவையும் சுருட்டி வைத்திருக்கிறேன். எதில் மூக்கை வைத்துப் படுத்தது என்று பார்த்து உண்மையைச் சொல்லுங்கள்.

இல்லை, வேண்டாம். துப்பட்டாவில்தான் என்று சொல்லிவிடுங்கள்.