நோட்டீசின் பின்பக்கம்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் இந்த இடத்தில் நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவார்கள். முதல் பாதியை எப்படியோ எழுதிவிடலாம். இரண்டாவது பாதிக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இதை நீ ஒரு நோட்டீசின் பின்பக்கத்தில் படித்துக்கொண்டிருப்பாய். முன்பக்கத்தில் ஒரு கல்குவாரி படம் இருக்கும். இந்த வருஷம் உங்கள் திறந்தவெளிக் கூட்டம் அங்கேதான் நடக்கப் போகிறது. அது நம் குவாரி. நம்பாவிட்டால் திருப்பிப் பார்த்துவிட்டு வா. லாரிகளை எடை போட்ட மேடையும், அதன் பக்கத்தில் நான் உட்கார்ந்து சீட்டு எழுதின தகர அறையும் தெரியும். இந்தக் கடிதம் வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்களும் படிக்கலாம். ஒப்பந்தமே அப்படித்தான். ஒருவருக்கு மட்டும் என்று எதுவும் நோட்டீசில் வரக்கூடாதாம். பெற்றவர்கள் வைத்த பெயரும், எந்த ஊர் பெயரும் வரக்கூடாதாம். அதனால்தான் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே.

மழை விட்ட பிறகு ஒரு பழைய வேனில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். நெடுநெடுவென்று வளர்ந்த ஒருவன், கூட ஒரு பெண். பெயர் கேட்டேன். அவன் ஏணி என்றான். அவள் மை என்றாள். நோட்டீசுக்குப் படம் வரைந்து அச்சுப் போடுகிறவளாம், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னம்மா என்றதற்கு, "அது அவங்க வெச்சது. இது நாங்க வெச்சுக்கிட்டது" என்று சிரித்தாள். வெடுக்கென்று ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் நல்ல சிரிப்பு, விட்டுவிட்டேன்.

அவர்கள் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் கடற்கரையில் கூடினார்களாம். பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க, போலீஸ் வந்து பாதியிலேயே கலைத்துவிட்டதாம். மேடை இல்லை, தலைவர் இல்லை, டிக்கெட் இல்லை, வாட்ச் கட்டிக்கொண்டு வரக்கூடாது, இப்படி ஒரு கூட்டத்துக்கு யார் இடம் கொடுப்பார்கள். ஏணி பள்ளத்துக்குள் இறங்கி அடித்தொண்டையில் பாடினான். மை மேலே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை என்று இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். என் வீட்டுக்காரர் கீழே இருந்து கத்தினாலே மேலே கேட்காது, உன் பாட்டு எந்த மூலைக்கு என்றேன்.

இப்படி ஓர் இடம் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். ஏணி எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான். "எங்களோட ஒருத்தங்க இருந்தாங்கம்மா. எந்த ஊருக்கு இடம் பாக்கப் போனாலும் ஒரு கல்லை எடுத்துத் தரையில தட்டிப் பாப்பாங்க. பேசினா பேச்சு வெளியே போகாத இடம் ஒண்ணு இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ஆத்துப் பாலம் தாண்டி ரெண்டாப் பிரியற ரோடு, லாரி வராத எடைமேடைன்னு அடையாளம் சொல்லுவாங்க." அவர் பெயர் என்ன என்றேன். "ஜல்லி" என்றான்.

எடைமேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஊரில் எத்தனையோ பெயர் இருக்க, யாராவது ஜல்லி என்று வைத்துக்கொள்வார்களா. கல் உடைக்கும் கிரஷருக்குப் பின்னால் கொட்டிக் கிடந்த ஜல்லிக் குவியல்மேல் ஏறிச் சறுக்கி, முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்து என் மடியில் ரத்தத்தைத் துடைக்கிறவளைத் தவிர வேறு யாருக்கு அது தோன்றும். இருந்தாங்க என்கிறாயே, இப்போது எங்கே என்று கேட்டேன். போயிட்டாங்க என்றான்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் படும் பாடு உனக்குத் தெரியாது. பால்காரர் எங்கே என்று கேட்டாலும் போயிட்டார் என்கிறோம். எதிர்வீட்டுக்காரர் கண்ணை மூடினாலும் போயிட்டார் என்கிறோம். எங்கே போனாள், எப்படிப் போனாள் என்று அவன் கையைப் பிடித்துக் கேட்டேன். கடற்கரையில் போலீஸ் வந்து கலைத்த மறுநாள் காலை உன் படுக்கை சுருட்டி வைத்தபடி இருந்ததாம், நீ இல்லையாம். அவ்வளவுதான். தேடவில்லையா என்றேன். "போறவங்களைத் தேடறது எங்ககிட்ட வழக்கம் இல்லைம்மா. அது அவங்க சுதந்திரம்" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அப்படியே வேனில் ஏற்றி அனுப்பியிருப்பேன். ஆனால் உன்னைப் பற்றிச் சொல்ல அவனை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள். டீ போட்டுக் கொடுத்தேன்.

உன் ஸ்கூல் போட்டோவைக் காட்டினேன். ஏணி முகத்தைத் திருப்பிக்கொண்டான், பழைய படங்களைப் பார்ப்பதும் வழக்கம் இல்லையாம். மை மட்டும் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "ஜல்லி தலையை ஒட்ட வெட்டியிருப்பாங்க. இதுல ரெட்டைச் சடை. ஆனா காது இதேதான்" என்றாள். அது உன் அப்பாவின் காது. முறம் மாதிரி இருக்கிறது என்று கல்யாணத்தன்றே என் தங்கை சிரித்த காது. மை அப்படிச் சொன்ன அன்றைக்குத்தான் அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

இவர்களுக்கு இடத்தைக் கொடுத்து, இவர்கள் நோட்டீசிலேயே உன்னைக் கூப்பிடலாம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். முடியவே முடியாது என்றார். உங்கள் கூட்டத்தின் மேல் உள்ள வெறுப்பில் சொல்கிறார் என்று நினைத்து நானும் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் காரணம் வேறு. இரண்டு நாள் கழித்து, பல் தேய்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார். "கூப்பிடாத வரைக்கும் அவ வராம இருக்கா, அவ்வளவுதான். நாம ஊரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டு, அப்பவும் வரலைன்னா என்னடி பண்ணுவே? அதுக்கப்புறம் எனக்கு நினைச்சுக்க ஒண்ணும் இருக்காது." வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அது அவர் கணக்கு. ஆனால் எனக்கு வேறொரு கணக்கு. இத்தனை வருஷம் உன்னைத் தேடாமலா இருந்தோம். எந்த ஊரில் போய் உன் பெயரைச் சொன்னாலும் அப்படி யாரும் இல்லை என்றார்கள். இருக்காதுதான். கிரஷர் நின்றுபோன அந்த வருஷம், நீ இந்தக் கூட்டத்தாரோடு கிளம்பியபோது, என் மகள்னு என் பேரைச் சொல்லிக்கிட்டுத் திரியாதே என்று அவர் சொன்னார். நீ அவர் பெயரோடு உன் பெயரையும் சேர்த்து விட்டுவிட்டாய். பெயரில்லாத ஒருத்திக்கு எந்த விலாசத்துக்கு எழுதுவது. உன் கைக்கு வரக்கூடிய காகிதம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், இந்த நோட்டீஸ். அதனால் அவரைக் கேட்காமல் ஏணியிடம் சரி என்று சொல்லிவிட்டேன். இடம் தருகிறேன், நோட்டீசின் பின்பக்கம் எனக்கு வேண்டும் என்றேன்.

அதிலும் ஒரு கூத்து. முதலில் தேதி மட்டும் போட்ட சின்ன நோட்டீசை ஒட்டக் கிளம்பினாள் மை. சும்மா இருக்க முடியாமல் நானும் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். டீக்கடை, பஸ் நிலையம், பாட்டுக் கேசட் விற்கும் கடை, மாணவர் விடுதி வாசல் என்று ஒட்டிக்கொண்டே போகிறோம். ஒரு பெரியவர் நின்று படித்துவிட்டு, கூட்டம்னு போட்டிருக்கு, எங்கேன்னு போடலையே என்று கேட்டார். தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும் என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை நினைத்து எனக்கே சிரிப்பு. அடுத்த நோட்டீசுக்குப் பசை தடவும்போதுதான் மண்டையில் உறைத்தது. பின்பக்கம் கேட்டு மல்லுக்கு நின்று வாங்கிவிட்டேன், சுவரில் ஒட்டினால் பின்பக்கம் சுவருக்கல்லவா போகும். நடுத்தெருவில் வாளியோடு நின்று அழுதுவிட்டேன். மையும் அப்போதுதான் கவனித்தாள் போலிருக்கிறது, அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவளே வழி சொன்னாள். இந்தப் பெரிய நோட்டீசை எங்கேயும் ஒட்டவில்லை. ஓட்டை போட்டு நூலில் கோத்துக் கடை வாசல்களில் தொங்கவிடுகிறார்கள், மீதியைக் கையில் கொடுக்கிறார்கள். காற்றடித்தால் என் பக்கமும் கொஞ்சம் தெரியும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று யோசித்தேன். முன்பக்கப் படத்தில் எடைமேடையின் மேல் ஒரு பெண் நிற்கிறாள், பார்த்தாயா. மை அதை நேரில் உட்கார்ந்து வரைந்தாள். யாரம்மா இது என்றேன். "நீங்கதானே நின்னீங்க" என்றாள். நான் அப்போது வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வேறு யாரும் வருவதில்லை. நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. உன் அப்பாவோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளைப் பேய் என்ன செய்துவிடும். ஆனால் அதன்பிறகு மத்தியான வேளைகளில் எடைமேடையில் யாரோ கால் வைத்த மாதிரி டக் என்று சத்தம் கேட்கிறது. வெயிலுக்கு இரும்பு விரிகிறது என்கிறார் உன் அப்பா. அப்படிச் சொல்கிறவர்தான் சத்தம் கேட்டதும் முதல் ஆளாக எழுந்து போய்ப் பார்க்கிறார். திரும்பி வந்து நாய் என்பார். நம் வீட்டில் நாய் இல்லை.

மை அந்த உருவத்தை அழித்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நீ இங்கே வந்து, எங்களைப் பார்க்காமலே திரும்பியிருந்தால், அதுவும் எனக்கு நீ வந்த கணக்குதான். நீ வந்து நின்றது வேறு மாதிரி என்றாலும் அழிக்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளத்தில் தண்ணீர் தேங்கின பக்கம் உன் அப்பா போவதில்லை. ஏன் என்று நானும் கேட்பதில்லை. அங்கே குளிக்கலாமா என்று ஏணி கேட்டபோது, ஆழம், கயிறு கட்டிடுங்க என்று மட்டும் சொன்னார்.

மற்றபடி வீட்டில் அவருக்கு முட்டி வலி, எனக்குத் தூக்கம் குறைவு. தகர அறைக் கூரை ஒழுகுகிறது, வருகிறவர்கள் நனையக்கூடாதே என்று அடைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் சித்திக்குப் பேரன் பிறந்திருக்கிறான், காது நல்லபடியாக இருக்கிறது.

போன வாரம் பாலம் பக்கம் போய்விட்டு வரும்போது உன் அப்பாவைக் குவாரிக்குத் திரும்பும் கடைசித் திருப்பத்தில் பார்த்தேன். அரிவாளோடு முள்செடி வெட்டிக்கொண்டிருந்தார். வர்றவங்களுக்கு வழி தெரியணும்ல என்றார். அந்தத் திருப்பத்தில் வழி காட்ட ஓர் ஆளை நிறுத்துவது உங்கள் கூட்டத்து ஏற்பாடாம். வருகிறவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் கையை மட்டும் தூக்கிக் காட்ட வேண்டுமாம். சாயந்திரம் ஏணி வந்ததும், அங்கே தான் நிற்பதாக உன் அப்பா சொன்னார். ஏணி தயங்கினான். "யார்கிட்டயும் பேர் கேக்கக் கூடாதுங்க ஐயா" என்றான். "பேரைச் சொல்லாதேன்னு சொன்னவனே நான்தாம்ப்பா. நான் எதுக்குக் கேக்கப் போறேன்" என்றார். பிறகு தன் தொழிலை அவனுக்கு விளக்கினார். குவாரியில் வெடி வைக்கும் நாட்களில் பள்ளத்திலிருந்து ஏறும் பாதையில் நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்து மேலே அனுப்புவாராம். "கடைசி ஆள் மேல வந்ததைக் கண்ணால பாக்காம நான் திரியைப் பத்த வெச்சதே இல்ல" என்றார். ஏணி தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

ஆகையால் கண்ணு, நீ வீட்டுக்கு வர வேண்டாம். எங்களோடு பேசவும் வேண்டாம். அந்தத் திருப்பத்தில் அவரைக் கடந்து போ, அது போதும். தலையை மழித்திருந்தாலும், முகத்தில் சாயம் பூசியிருந்தாலும் அவர் கண்டுகொள்வார், கண்டுகொண்டதாகக் காட்டமாட்டார். உன்னால் வர முடியாது என்றால், உன்னைக் கடைசியாகப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்கள் வரட்டும். ஆனால் திருப்பத்தில் அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நேராகத் தகர அறைக்கு வந்து என்னிடம் சொல்லட்டும். போயிட்டாங்க என்று சொல்லாமல், எப்படி என்று முழுதாகச் சொல்லட்டும்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு. கடைசி ஆள் கடந்து போகும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். யார் கடைசி ஆள் என்பதை அவரே முடிவு செய்து வைத்திருக்கிறார். முட்டி வலிக்கு ஒரு ஸ்டூல் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். அவரை ரொம்ப நேரம் நிற்க வைக்காதே.

உன்
அம்மா